கேள்வி-பதில்: கடல்ல கப்பல், வானத்துல காது

போன முறை சாட்டிலைட் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், இந்த முறை வந்த கேள்வில பாதிக்கு மேல கப்பற்படையும் சாட்டிலைட்டும்தான். அதனால மத்த கேள்விங்க எல்லாம் அடுத்த இதழுக்குப் போகுது, கோச்சுக்காதீங்க.

கேள்வி: மேப்ல பாத்தா எங்க வீட்டு மாடில காயப்போட்ட துணி வரைக்கும் தெரியுது. 300 மீட்டர் நீள விமானந்தாங்கிக் கப்பல் இனிமே எங்கங்க போய் ஒளியும்?

துணி தெரியாது, தண்ணி டேங்க் தெரியும், சரி விடுங்க. நீங்க மேப்ல பாக்கறது என்னைக்கோ எடுத்த படம், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் பழசா கூட இருக்கும். வீடு எங்கயும் எந்திரிச்சுப் போகாது, அதனால பழைய படமே போதும். கப்பல் அப்படி இல்லயே.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாக்கலாம். தாழ்வா சுத்தற சாட்டிலைட் ஒரு சுத்து சுத்த சுமார் 90 நிமிஷம். போர்க்கப்பல் 30 நாட் வேகத்துல போனா மணிக்கு 55 கிலோமீட்டர். அந்த 90 நிமிஷத்துல 83 கிலோமீட்டர் போயிருக்கும், எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாது, அப்ப தேட வேண்டிய வட்டம் 21,000 சதுர கிலோமீட்டரத் தாண்டிடும். அதுவும் அதே சாட்டிலைட் அதே இடத்துக்குத் திரும்ப வந்தாதான், ஆனா வராது, ஏன்னா கீழ பூமி சுத்திட்டே இருக்கு, அடுத்த சுத்து பூமத்திய ரேகைல 2,500 கிலோமீட்டர் தள்ளி விழும். திரும்ப அதே இடத்த பாக்க ஒரு நாளோ சில நாளோ ஆகலாம். ஒரு நாள்ல கப்பல் 1,300 கிலோமீட்டர் போயிடும். ரொம்ப ஷார்ப்பான கேமரா ஒரே ஓட்டத்துல எடுக்கறது 10, 15 கிலோமீட்டர் அகலப் பட்டைதான், கடலோ 36 கோடி சதுர கிலோமீட்டர்.

இதுல இன்னொண்ணு இருக்கு. சாட்டிலைட் பாதைய முன்கூட்டியே கணக்குப் போட்டுடலாம், எத்தனை மணிக்கு எது தலைக்கு மேல வரும்னு கப்பல்லயும் தெரியும். பனிப்போர் காலத்துலயே எதிரி சாட்டிலைட் தாண்டற நேரத்த லிஸ்ட் போட்டு கப்பலுக்கு அனுப்பினாங்க, அந்த நேரத்துக்கு ராடார ஆஃப் பண்றது, சாட்டிலைட் தாண்டினதும் திசைய மாத்தறதுன்னு இதுவே ஒரு தனி ஆட்டம்.

ஆனா இந்த ஆட்டம் முன்ன மாதிரி இல்லங்கறது உண்மை. இப்ப ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டம் கூட்டமா அனுப்பறாங்க, ஒண்ணு போனா அடுத்தது வந்துடும். சீனா 2023 டிசம்பர்ல யாவ்கன்-41னு ஒண்ண புவிநிலைப் பாதைல, அதாவது கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிறுத்தியிருக்கு, பயிர் பாக்க, பேரிடர் பாக்கன்னு சொல்றாங்க. அவ்ளோ தூரத்துல இருந்து பெரிய கப்பலே ஒரு புள்ளியாத்தான் தெரியும். ஆனா அங்க இருக்கறது சுத்திட்டு ஓடாது, ஒரே இடத்துல உக்காந்த மாதிரி பாத்துட்டே இருக்கும், அதான் மத்த நாட்டு நேவி எல்லாம் அத உத்துப் பாக்குது.

கேள்வி: மேகம் மூடிட்டா? ராத்திரியானா?

அதுக்குத்தான் ராடார் சாட்டிலைட். அதுவே ரேடியோ அலைய அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலிய வெச்சு படம் வரையும், மேகமும் இருட்டும் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. கப்பல் முழுக்க இரும்பு, நேர் நேரா மூலை, அதனால எதிரொலி பளிச்சுனு வரும், கருப்புக் கடல்ல வெள்ளைப் புள்ளி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். இந்தப் படத்துல ஓடற கப்பல் தன்னோட தடத்து மேல இருக்காது. கப்பல் போன வழில தண்ணி கிழிஞ்சு கோடு மாதிரி தெரியுமே, அந்தக் கோடு ஒரு பக்கம் இருக்கும், கப்பல் அதுல இருந்து சில நூறு மீட்டர் தள்ளி தனியா நிக்கும், தண்டவாளத்த விட்டு இறங்கின ரயில் மாதிரி. எதிரொலியோட டாப்ளர் மாற்றத்த, அதாவது கிட்ட வந்தா விலகிப் போனா அலைவரிசை மாறுமே, அத வெச்சுதான் எந்தப் புள்ளி எங்க இருக்குன்னு ராடார் முடிவு பண்ணுது, கப்பலே நகர்றதால அந்தக் கணக்கு தப்பிடுது. ஆனா அந்தத் தப்புலயே லாபம் இருக்கு. எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு அளந்தா கப்பலோட வேகம் கிடைச்சிடும்.

கேள்வி: படமே எடுக்காம, சும்மா காத மட்டும் வெச்சுகிட்டு கப்பலைக் கண்டுபிடிக்கற சாட்டிலைட் இருக்காமே, நெசமா?

நெசம்தான். என்னக் கேட்டா கண்ண விட இந்தக் காதுதான் நேவிக்கு முக்கியம்.

கதை 1958ல ஆரம்பிக்குது. அமெரிக்க நேவியோட ஆராய்ச்சிக்கூடத்துல ரீட் மேயோன்னு ஒரு இன்ஜினியர். நீர்மூழ்கியோட பெரிஸ்கோப்ல ஒரு சின்ன ஆன்டெனாவ வெச்சு எதிரியோட ராடார் சிக்னல பிடிக்கறதுதான் அவர் வேலை. ஒரு நாள் குடும்பத்தோட கார்ல போகும்போது பனிப்புயல், ரோட்டோர ஹோட்டல் ஒண்ணுல மாட்டிக்கிட்டாங்க. மத்தவங்க தூங்கிட்டாங்க, இவருக்கு தூக்கம் வரல, பெரிஸ்கோப்ல வெச்ச அந்த ஆன்டெனாவையே சாட்டிலைட்ல வெச்சா என்ன, அவ்ளோ உயரத்துல சிக்னல் எட்டுமான்னு யோசனை. தட்டுக்கு அடில போடற பேப்பரத் திருப்பி அதுலயே கணக்குப் போட்டாரு. எட்டும்னு விடை வந்துச்சு.

1960 ஜூன் 22ந்தேதி கிராப்னு ஒரு சின்ன உருண்டை மேல போச்சு, உலகத்துல முதல் ஒட்டுக்கேக்கற சாட்டிலைட் அதுதான். வெளில சொன்னது என்னன்னா, சூரியக் கதிர்வீச்ச அளக்கற ஆராய்ச்சி. அதுவும் முழுப் பொய் இல்ல, அதுக்கான கருவியும் உள்ள இருந்துச்சு. சோவியத் ராடார் சிக்னல்கள அது பிடிச்சு கீழ அனுப்ப, தரைல டேப்ல பதிவு பண்ணி வாஷிங்டனுக்கு எடுத்துட்டு போவாங்க. இந்த ரகசியம் வெளில வந்தது 1998லதான்.

கிராப் கேட்டது தரைல இருந்த ராடார. கப்பலத் தேடற வேலைக்கு 1976ல இருந்து வந்தது மூணு மூணா கூட்டமா பறக்கற சாட்டிலைட். ஒரு கப்பல் ராடார ஆன் பண்ணுதுன்னு வைங்க, அந்த சிக்னல் மூணு சாட்டிலைட்டுக்கும் ஒரே நேரத்துல போய் சேராது, ஒண்ணுக்கு முன்ன ஒண்ணுக்கு பின்ன சேரும். ஒரு செகண்ட பத்து லட்சமா கூறு போட்டா, ஒரு கூறு வித்தியாசம்னா 300 மீட்டர். அந்த வித்தியாசத்த வெச்சே கப்பல் எங்கன்னு வரைஞ்சுடலாம். ராத்திரி வானத்த பைனாகுலர்ல பாக்கற பொழுதுபோக்கு ஆளுங்க, மூணு வெளிச்சப் புள்ளி முக்கோணமா சேந்து நகர்றதப் பாத்துப் பாத்து இந்த ரகசியத்த கிட்டத்தட்ட வெளில கொண்டு வந்துட்டாங்க. இப்ப தனியார் கம்பெனிங்களே இத மூணு மூணா அனுப்பி காசுக்கு தகவல் விக்குது.

இதுல கவனிக்க வேண்டியது, இந்தக் காதுகிட்ட மாட்டறது வாயத் தொறக்கற கப்பல் மட்டும்தான். ராடார், ரேடியோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கம்முனு போனா காதுக்கு வேலை இல்ல. ஆனா கப்பலும் குருடா போகணும். எப்ப வாயத் தொறக்கறது எப்ப மூடறதுங்கறதுதான் கேப்டனுக்கு தலைவலியே, கீழ வர்ற பல பதில்ல இதே தலைவலி திரும்பத் திரும்ப வரும் பாருங்க.

கேள்வி: அணு உலைய வெச்சு சாட்டிலைட் விட்டாங்களாமே, அது கப்பலத் தேடவா?

ஆமாங்க. கம்முனு போற கப்பலையும் பிடிக்கணும்னு சோவியத் யூனியன் ராடார் சாட்டிலைட்ட விட்டுச்சு. அந்தக் காலத்து ராடாருக்கு எதிரொலி கேக்கணும்னா சாட்டிலைட் ரொம்பத் தாழ்வா, 250 கிலோமீட்டர் சொச்சத்துல பறக்கணும். அங்க லேசா காத்து உண்டு, பெருசா சோலார் பேனல விரிச்சா அதுவே பாராசூட் மாதிரி இழுத்துடும். ராடாருக்கோ கரண்ட் நிறைய வேணும். அதான் குட்டி அணு உலை. வேலை முடிஞ்சதும் உலைய மட்டும் கழட்டி மேல உயரமான பாதைக்குத் தள்ளி விட்டுடறது திட்டம்.

காஸ்மாஸ் 954ங்கறதுல அந்தத் தள்ளி விடற வேலை நடக்கல. 1978 ஜனவரி 24ந்தேதி கனடாவோட வடக்குல, பனி மூடின வெத்து நிலத்துல கதிரியக்கத்தோட சிதறி விழுந்துச்சு. மாசக்கணக்குல தேடிப் பொறுக்கினாங்க. கனடா 60 லட்சம் டாலருக்கு பில் அனுப்புச்சு, சோவியத் 30 லட்சம் குடுத்துச்சு. அதுக்கப்புறமும் 1988 வரைக்கும் இதே வகை சாட்டிலைட்ட விட்டுட்டுதான் இருந்தாங்க, அமெரிக்க விமானந்தாங்கி மேல அவ்ளோ பயம்.

கேள்வி: ஜிபிஎஸ் ஏர்ஃபோர்ஸ் கண்டுபிடிச்சதுன்னு நான் சொல்றேன், நேவின்னு நண்பன் சொல்றான். பந்தயம் கட்டியிருக்கோம்.

பந்தயத்த பாதி பாதியா பிரிச்சுக்கோங்க, இல்லன்னா நண்பனுக்கு கொஞ்சம் கூடவே குடுங்க.

1957 அக்டோபர்ல ஸ்புட்னிக் போனப்ப, அமெரிக்கால கைர், வைஃபன்பாக்னு ரெண்டு விஞ்ஞானிங்க அதோட பீப் பீப் சத்தத்த கேட்டுட்டு இருந்தாங்க. சைரன் போட்ட வண்டி நம்மள தாண்டும்போது சத்தம் மாறுமே, அந்த மாதிரி பீப்போட அலைவரிசை மாறுச்சு, அந்த மாற்றத்த வெச்சே ஸ்புட்னிக் பாதைய கணக்குப் போட்டுட்டாங்க. அவங்க மேலதிகாரி மெக்ளூர் கேட்டது ஒரே கேள்வி. நாம இருக்கற இடம் தெரிஞ்சு சாட்டிலைட் எங்கன்னு சொல்றீங்களே, சாட்டிலைட் இருக்கற இடம் தெரிஞ்சா நாம எங்கன்னு சொல்ல முடியாதா?

நேவிக்கு அப்ப இதுதான் பிரச்சனை. அணு ஏவுகணை சுமக்கற நீர்மூழ்கிக்கு தான் எங்க நிக்கறோம்னே துல்லியமா தெரியல, தெரியலன்னா சுட்டது எங்க விழும்? அப்படி வந்ததுதான் டிரான்சிட்ங்கற வழிகாட்டி சாட்டிலைட் ஏற்பாடு, 1964ல வேலைக்கு வந்துச்சு, 1967ல சரக்குக் கப்பல்களுக்கும் திறந்து விட்டாங்க, 1996 வரைக்கும் ஓடுச்சு. குறை என்னன்னா ஒரு தடவை இடம் கிடைச்சா அடுத்ததுக்கு ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ காத்திருக்கணும், கப்பலுக்கு இது ஓகே, ஜெட் விமானத்துக்கு ஆகாது. அப்புறம் நேவி கூடத்துலயே ரோஜர் ஈஸ்டன்னு ஒருத்தர் துல்லியமான கடிகாரத்த சாட்டிலைட்ல ஏத்தற டைமேஷன் திட்டத்த 1967ல பறக்க விட்டாரு, ஏர்ஃபோர்ஸ் தனியா ஒரு திட்டம் வெச்சிருந்துச்சு, 1973ல எல்லாத்தையும் சேத்துப் பிசைஞ்சதுதான் ஜிபிஎஸ்.

ஜிபிஎஸ்ல ஒரு நல்ல குணம், அது வெறும் கேக்கற கருவி. ரிசீவர் எதுவும் அனுப்பாது, அதனால கம்முனு போற கப்பலும் தாராளமா யூஸ் பண்ணலாம்.

கேள்வி: சரக்குக் கப்பல்ல வேலை பாக்கறேன். எங்க திரைல கப்பலே இல்லாத இடத்துல கப்பல் தெரிஞ்சிருக்கு. ஜிபிஎஸ்ஸ ஏமாத்த முடியுமா?

முடியும், நடந்திருக்கு. சாட்டிலைட் 20,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, அங்க இருந்து வர்ற சிக்னல் கீழ வர்றதுக்குள்ள ரொம்ப நோஞ்சானாயிடும், பக்கத்துல ஒருத்தன் அதே மாதிரி சிக்னல கொஞ்சம் சத்தமா விட்டா ரிசீவர் அவன் பேச்சதான் நம்பும். 2017 ஜூன்ல கருங்கடல்ல நொவோரோசிஸ்க் பக்கத்துல 20க்கு மேல கப்பல்ங்க, எல்லாம் கடல்ல மிதக்குது, ஆனா ஜிபிஎஸ் மட்டும் கெலென்ஜிக் ஏர்போர்ட்ல நிக்கறதா காட்டுச்சு.

நீங்க சொல்றது வேற வகையா கூட இருக்கலாம். ஏஐஎஸ் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன். சர்வதேசப் பயணம் போற 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் நான் இன்னார், இங்க இருக்கேன், இவ்ளோ வேகம்னு ரேடியோல சொல்லிட்டே போகணும். மோதாம இருக்க வந்த ஏற்பாடு இது, அப்புறம் சாட்டிலைட்டும் அத பிடிக்க ஆரம்பிச்சு, இப்ப உலகம் பூரா எந்தக் கப்பல் எங்கன்னு திரைல பாக்கலாம். போர்க்கப்பலுக்கு விதிவிலக்கு உண்டு, தேவைன்னா ஆஃப் பண்ணிக்கலாம். ஆனா இதுல பூட்டு இல்ல, யார் வேணா யார் பேர்ல வேணா சொல்லலாம். 2021 ஜூன்ல பிரிட்டனோட டிஃபெண்டர், நெதர்லாந்தோட எவர்ட்சன், ரெண்டு போர்க்கப்பலும் ராத்திரி கிளம்பி கிரிமியால செவஸ்டபோல் கடற்படைத் தளம் வாசல் வரைக்கும் போனதா ஏஐஎஸ் தடம் காட்டுச்சு. அதே ராத்திரி ஒடெசா துறைமுகத்து வெப்கேமரா யூட்யூப்ல லைவ்ல ஓடிட்டு இருந்துச்சு, அதுல ரெண்டும் கட்டின கயிறு கட்டினபடியே நிக்குது. அவ்ளோ பெரிய புளுக பிடிச்சது ஒரு துறைமுகத்து கேமரா.

கேள்வி: நீர்மூழ்கி தண்ணிக்கடில இருந்தே சாட்டிலைட்டோட பேசுமா?

பேசாது. உப்புத்தண்ணி ரேடியோ அலைய முழுங்கிடும். ரொம்பத் தாழ்வான அலைவரிசை சில பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும், அதுல கரைல இருந்து குட்டிக் குட்டி செய்தி மட்டும் அனுப்பலாம், பதில் சொல்ல முடியாது. சாட்டிலைட் வேணும்னா மேல வந்து ஆன்டெனாவ தண்ணிக்கு வெளில நீட்டணும், நீட்டினா ராடார்ல தெரியும். அதான் நீட்டி, வாங்கி, ஓடிடறது.

கேள்வி: அப்ப சாட்டிலைட்டுக்கு கடலுக்கு அடில எதுவுமே தெரியாதா?

நேரா தெரியாது, சுத்தி வளைச்சு தெரியும். கடல் மட்டம்னு சொல்றோமே, அது மட்டமே இல்ல. அடில ஒரு மலை இருந்தா அதோட ஈர்ப்பு தண்ணிய தன் பக்கம் இழுத்துக்கும், 2,000 மீட்டர் உயர மலைக்கு மேல கடல் சுமார் 2 மீட்டர் புடைச்சு நிக்கும். மேடு ரொம்ப அகலமா பரவி இருக்கறதால கப்பல்ல போறவங்களுக்கு தெரியாது, சாட்டிலைட்ல இருந்து ராடார் துடிப்ப விட்டு உயரத்த அளந்தா தெரியும். அமெரிக்க நேவி 1985ல ஜியோசாட்ட விட்டது இதுக்குத்தான், நீர்மூழ்கில இருந்து போற ஏவுகணைக்கு ஈர்ப்பு விசைக் கணக்கு சரியா வேணும். பத்து வருஷம் பூட்டி வெச்சு 1995ல அந்தத் தகவல வெளில விட்டாங்க, இன்னைக்கு கடலடி வரைபடம்னு நாம பாக்கறதுல பெரும்பகுதி இந்த மாதிரி புடைப்புல இருந்து ஊகிச்சதுதான்.

ஊகம்னு ஏன் சொல்றேன்னா, 2005 ஜனவரி 8ந்தேதி சான் பிரான்சிஸ்கோங்கற அமெரிக்க அணு நீர்மூழ்கி குவாம் தீவுக்கு தெற்க முழு வேகத்துல போய் கடலடி மலைல முட்டுச்சு. ஒருத்தர் இறந்துட்டாரு, மூக்கு நசுங்கியும் கப்பல் எப்படியோ திரும்பி வந்துச்சு. அவங்க கைல இருந்த வரைபடத்துல அந்த மலை இல்ல.

கேள்வி: கடற்படைக்குன்னே தனியா பேசற சாட்டிலைட் எதுக்கு? செல்போன் கம்பெனி மாதிரி வாடகைக்கு எடுத்தா ஆகாதா?

வாடகைக்கும் எடுத்திருக்காங்க, 1976ல மாரிசாட்னு வந்தத அமெரிக்க நேவி அப்படித்தான் ஓட்டுச்சு, சொந்த சாட்டிலைட் லேட்டானதால. அதுக்கும் முன்னாடி வாடகையே இல்லாத ஒண்ண யூஸ் பண்ணாங்க, நிலா. 1960ல ஹவாய்ல இருந்து நிலா மேல ரேடியோவ அடிச்சு, எதிரொலிய வாஷிங்டன் பக்கத்துல பிடிச்சாங்க. விமானந்தாங்கி ஹான்காக்கோட மேல்தளத்துல மாலுமிங்க மூன் ரிலேன்னு எழுத்து வடிவத்துல வரிசையா நின்ன போட்டோவையே அந்த வழில அனுப்பிக் காட்டினாங்க. போய்த் திரும்ப ரெண்டரை செகண்ட், ரெண்டு ஊருக்கும் நிலா ஒரே நேரத்துல தெரிஞ்சா மட்டும்.

இந்திய கடற்படைக்குன்னு ஜிசாட்-7 2013 ஆகஸ்ட்ல போச்சு, ருக்மிணின்னு பேர். அதுக்கடுத்தது 2025 நவம்பர் 2ந்தேதி ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன சிஎம்எஸ்-03, எடை 4,400 கிலோ. கப்பல், விமானம், நீர்மூழ்கி, கரைல இருக்கற தலைமையகம், எல்லாரும் ஒரே படத்த பாக்கணும், அடுத்தவன் கைல சாவி இருக்கக் கூடாதுங்கறதுதான் சொந்தமா வெச்சுக்கறதுக்கு காரணம்.

ஆனா பேசறதுக்கும் ஒரு விலை உண்டு. 1982 மே 4ந்தேதி, பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து தீவுச் சண்டை. பிரிட்டனோட ஷெஃபீல்டு கப்பல் சாட்டிலைட்ல பேசிட்டு இருந்துச்சு. எதிரி விமானத்தோட ராடார் சிக்னல மோப்பம் பிடிக்கற கருவி கப்பல்ல இருக்கு, ஆனா சாட்டிலைட்டுக்கு அனுப்பற சிக்னலோட சத்தத்துல அந்தக் கருவிக்கு காது அடைச்சுப் போச்சு. பக்கத்துக் கப்பல் கிளாஸ்கோ அதே விமானத்த கேட்டு எச்சரிச்சும் இங்க உஷாராகறதுக்குள்ள எக்சோசெட் ஏவுகணை இடுப்புல அடிச்சுது, 20 பேர் செத்தாங்க.

இது தெரிஞ்சும் அடங்காதவங்க உண்டு. 2023ல மான்செஸ்டர்ங்கற அமெரிக்க போர்க்கப்பல்ல சில சீனியர் மாலுமிங்க திருட்டுத்தனமா சாட்டிலைட் இன்டர்நெட் தர்ற ஸ்டார்லிங்க் டிஷ் ஒண்ண மேல மாட்டி, வைஃபைக்கு ஸ்டிங்கின்னு பேர் வெச்சு, தங்களுக்குள்ள மட்டும் பாஸ்வேர்டு குடுத்துகிட்டாங்க. மத்த மாலுமிங்க போன்ல அந்தப் பேர் தெரியுது, பேச்சு கிளம்புது, கேப்டன் கேட்டா இல்லவே இல்லன்னு சாதிச்சிருக்காங்க. அப்புறம் பேர பிரிண்டர் மாதிரி தோணற ஒண்ணா மாத்தி வெச்சாங்க. கடைசில முறைப்படி அனுமதிச்ச சாட்டிலைட் கருவிய மாட்ட வந்த சிவிலியன் ஆள் கண்ணுலதான் அந்த டிஷ் பட்டுச்சு. முக்கியமா செஞ்சவங்களுக்கு ராணுவ கோர்ட்ல பதவி இறக்கம். கம்முனு போகணும்னு கேப்டன் நெனச்ச கப்பல், மாசக்கணக்கா மேல பாத்து பேசிட்டே போயிருக்கு.

கேள்வி: கப்பல்ல இருந்து சாட்டிலைட்ட சுட முடியுமா?

சுட்டிருக்காங்க. 2008 பிப்ரவரி 20, பசிபிக்ல லேக் எரீங்கற போர்க்கப்பல், கெட்டுப்போய் விழப்போற அமெரிக்காவோட சொந்த உளவு சாட்டிலைட்ட 247 கிலோமீட்டர் உயரத்துல ஒரே ஏவுகணைல அடிச்சுது. டேங்க்ல இருந்த 450 கிலோ ஹைட்ரஸின் எரிபொருள் விஷம், யார் தலைலயாவது விழுந்துடும்னு காரணம் சொன்னாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் சீனா தரைல இருந்து தன் சாட்டிலைட் ஒண்ண உடைச்சிருந்துச்சு, அதுக்கு பதில்னு நெனச்சவங்களும் நிறைய.

கேள்வி: இத்தனையும் இருக்கறப்ப நேவில இன்னும் நட்சத்திரம் பாத்து வழி கண்டுபிடிக்க கத்துக் குடுக்கறாங்களாமே, எந்தக் காலத்துல இருக்காங்க?

நிறுத்தித்தான் பாத்தாங்க. அமெரிக்க நேவல் அகாடமில அந்தப் பாடத்த எடுத்துட்டு, 2015ல திரும்ப வெச்சாங்க. செக்ஸ்டன்ட்னு கோணம் அளக்கற கருவிய கைல பிடிச்சு, அடிவானம் இன்னும் மங்காத அந்த அந்தி வெளிச்சத்துல நாலஞ்சு நட்சத்திரத்தோட உயரத்த அளந்து, அட்டவணைய புரட்டி கணக்குப் போட்டா, கை பழகினவங்களுக்கு ஒண்ணு ரெண்டு கடல் மைல் சுத்துல இடம் கிடைச்சிடும். ஜிபிஎஸ் சொல்ற சில மீட்டரோட பாத்தா இது ஒண்ணுமே இல்லதான். ஆனா செக்ஸ்டன்ட் யார்கிட்டயும் எதையும் அனுப்பாது, அத ஜாம் பண்ணவும் முடியாது. மேகம் வந்தா மட்டும் உக்காந்து காத்திருக்கணும்.